பிஸ்மார்க் மூழ்கடித்த கப்பல்கள்

1941 மே 22, வியாழன்

கத்திரி முடிய இன்னும் ஆறு நாள். ஆசிரியர் குழுவுக்கென்று வாங்கிய மின்விசிறி இன்று சேஷாத்ரியின் அறைக்குப் போய்விட்டது. உதவி ஆசிரியருக்கு வியர்க்கக் கூடாதாம். அவனுக்கு வயது முப்பத்தொன்று, படிப்பு பி.ஏ., அதுவும் இரண்டாம் முயற்சியில். நான் எம்.ஏ. பத்து வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். 1930-ஆம் வருஷம் கதர் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன் என்று வெள்ளைக்காரப் பிரின்சிபால் வீட்டுக்கு அனுப்பினான். அன்றிலிருந்து தம்புச் செட்டித் தெருவில் இந்த மாலைப் பத்திரிகைக்குத் தந்திச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன்.

டார்பீடோவுக்கு 'நீர்க்கணை' என்று எழுதினேன். சேஷாத்ரி அடித்துவிட்டான்.

"ஓய் பிள்ளைவாள், நீர்க்கணைன்னா எவனுக்குப் புரியும்? டார்பீடோன்னே போடும்."

அச்சுக்கூட ஃபோர்மன் லாசர் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தான். "நீர்க்கணைன்னா ஜனங்க தீவாளி வாணம்னு நெனச்சுக்கும் சார்."

வீட்டுக்கு வரும் வழியில் பழைய மாணவன் ஒருவன் எதிர்ப்பட்டு, மகன் என்ன செய்கிறான் என்று கேட்டான். கல்கத்தாவில் ரேடியோக் கடையில் இருக்கிறான் என்றேன்.

மே 23, வெள்ளி

எதிர்வீட்டு ஞானசுந்தரி டீச்சர் பள்ளிக்கூட விடுமுறைக்குப் பாளையங்கோட்டை போய்விட்டாள். வீட்டில் வேதவல்லிக்குப் பேச்சுத்துணை போயிற்று. ரசத்தில் உப்பு இல்லை.

மே 25, ஞாயிறு

விடுமுறை நாளில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். சிறப்புப் பதிப்பு. பிரிட்டிஷ் கடற்படையின் பெருமை என்று இருபது வருஷமாகப் பீற்றிக்கொண்ட 'ஹூட்' கப்பலை ஜெர்மானியரின் புதிய போர்க்கப்பல் 'பிஸ்மார்க்' நேற்றுக் காலை சுட்டு மூழ்கடித்துவிட்டது. குண்டு வெடிமருந்து அறையில் விழுந்ததாம். சில நிமிஷத்தில் கப்பல் இரண்டாகப் பிளந்து போய்விட்டது. உயிர் தப்பியவர்கள் மிகச் சிலரே என்று அஞ்சுவதாகத் தந்தி.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எழுதத்தான் வேண்டும், இது என் நோட்டு. பிரின்சிபாலின் சிவந்த மூக்கு நினைவுக்கு வந்தது. பேனாவை எடுத்து ஒரே மூச்சில் எழுதினேன். இவ்வளவு நல்ல தமிழ் நான் எழுதிப் பல மாதமாயிற்று.

லாசர் எழுத்துக் கோத்துக்கொண்டே கேட்டான். "ஒரு கப்பல்ல எத்தினி பேர் சார் இருப்பாங்கோ?"

"ஆயிரத்து நானூறு."

அவன் கை நின்றது. "அடக் கர்த்தாவே" என்றான். பிறகு கோத்தான்.

இரண்டாவது தந்தி பதினைந்து நிமிஷம் கழித்து வந்தது. பிஸ்மார்க் தப்பிவிட்டது. அட்லாண்டிக் சமுத்திரத்தில் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அதன் நோக்கம் போர்க்கப்பல்களோடு மோதுவதல்ல. உணவும் சரக்கும் ஏற்றிக்கொண்டு கூட்டமாகப் போகும் வியாபாரக் கப்பல்களை வேட்டையாடுவது என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். அந்த வேகத்துக்கும் அந்தப் பீரங்கிகளுக்கும் முன்னால் வியாபாரக் கப்பல் எதுவும் நிற்காது.

இதைத் தமிழாக்க ஒரு மணி நேரம் பிடித்தது. சேஷாத்ரி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தான். "என்ன ஓய், உடம்பு சரியில்லையா?" என்றான். வெயில் என்றேன்.

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அட்லாண்டிக்கை விரலால் அளந்தேன். என் கையளவு கூட இல்லை.

மகன் கருணாகரன் கல்கத்தாவில் இல்லை. போன வருஷமே அங்கிருக்கும் என் நண்பர் எழுதிவிட்டார். வயர்லெஸ் பரீட்சை எழுதித் தேறி 'கார்ன்மூர்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராகச் சேர்ந்திருக்கிறான். லிவர்பூலுக்கும் கனடாவுக்கும் நடுவே போய் வரும் கப்பல். எம்.ஏ. படிக்கச் சொன்னேன், மாட்டேன் என்றான். வெள்ளைக்காரன் கப்பலில் கூலிக்குப் போவதாயிருந்தால் என் முகத்தில் விழிக்காதே என்றேன். விழிக்கவில்லை.

வேதவல்லியிடம் கல்கத்தாவில் ரேடியோக் கடை என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் பலவீனமான உடம்புக்காரி. தாங்கமாட்டாள்.

மே 26, திங்கள்

ஒரு விமானத் தாய்க் கப்பலிலிருந்து கிளம்பிய விமானங்கள் சனிக்கிழமை இரவு பிஸ்மார்க்கைத் தேடிப் பிடித்து டார்பீடோ போட்டிருக்கின்றன. ஒன்று பட்டது. பட்டும் கப்பல் நிற்கவில்லை. அதன் பிறகு அது எங்கே என்றே தெரியவில்லை. துரத்திய கப்பல்கள் தடத்தை விட்டுவிட்டன.

விமானத்தின் படமும் வர்ணனையும் கிடைத்தன. மேலும் கீழுமாக இரண்டு ஜோடி இறக்கைகள், நடுவே கம்பியும் கட்டையும், உடம்பெல்லாம் துணி. மூன்று பேர் கூரையில்லாத குழியில் உட்கார்ந்து போகிறார்கள். வயிற்றுக்கடியில் ஒரு டார்பீடோ. மணிக்கு நூறு மைல் போனால் அதிகம்.

சேஷாத்ரி படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீசெல்லாம் காட்டினான். "பாருங்கோ, கொடியில வேஷ்டி உலர்த்தின மாதிரி இருக்கு. இத வெச்சுண்டு பிஸ்மார்க்கப் பிடிக்கப் போறானாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். "சிரிக்க என்ன இருக்கிறது?" என்று கத்திவிட்டேன். சேஷாத்ரி படத்தை மேஜையில் வைத்துவிட்டான். பிரிட்டிஷ்காரனுக்காக நான் கோபித்துக்கொண்டதை இந்த ஆபீஸ் இதுவரை பார்த்ததில்லை. 'ஈரடுக்கு இறக்கை விமானம்' என்று எழுதினேன். அதை அவன் அடிக்கவில்லை.

இரவு சாப்பிடும்போது வேதவல்லி கேட்டாள். "அட்லாண்டிக்குன்னு போட்டிருக்கீங்களே, அது எம்மாம் பெரிசுங்க?"

"ரொம்பப் பெரிசு."

"ஒரு கப்பல் இன்னொரு கப்பலப் பாக்காமலே போயிடலாமா?"

"போகலாம்."

அவளுக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று தோன்றியது. பத்திரிகை படிக்கிறவள்தான், ஆனால் கோயில் விசேஷம் தவிர வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லை.

மே 27, செவ்வாய்

மாலை நாலேமுக்காலுக்கு வந்தது. ஒரே வரி. பிஸ்மார்க் மூழ்கியது.

அச்சுக்கூடத்தில் கூச்சல். லாசர் எழுத்துப் பெட்டியைத் தட்டித் தாளம் போட்டான். நான் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணில் மை விழுந்துவிட்டது. வெகுநேரம் கழுவ வேண்டியிருந்தது.

மே 28, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் விவரமான தந்திகள் வந்தன. திங்கட்கிழமை சாயங்காலம், புயலில், தாய்க் கப்பலின் தளம் பனைமர உயரத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்தத் துணி விமானங்கள் பதினைந்து கிளம்பின. மழையும் மேகமும். ஒன்றையொன்று காண முடியாமல் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து, அலை நனைக்கும் அளவுக்குத் தாழ்ந்து, அத்தனை பீரங்கிகளுக்கும் நேர் எதிரே போய் டார்பீடோவை விட்டுத் திரும்பின. ஒரு டார்பீடோ கப்பலின் பின்பக்கத்தில் பட்டது. சுக்கான் போயிற்று.

அவ்வளவுதான். அந்த இரும்பு மலைக்கு இயந்திரம் இருந்தது, பீரங்கி இருந்தது, ஆள் இருந்தது. திரும்ப முடியவில்லை. வீட்டுப் பக்கம் போக நினைத்தால் எதிரி பக்கம் போயிற்று. இரவு முழுவதும் வட்டமடித்தது. விடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்கள் சூழ்ந்துகொண்டு அடித்தன. அதில் இருந்தவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். மீட்டது சுமார் நூறு.

'இரவு முழுவதும் வட்டமடித்தது' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். அந்த இரண்டாயிரம் பேரும் அந்த இரவில் என்ன பேசியிருப்பார்கள்? நான் திங்கட்கிழமை முழுவதும் வேண்டிக்கொண்டது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தோஷப்பட்டது அந்த ஆயிரத்து நானூறுக்கு. மூன்று நாளில் இரு தரப்புச் சாவையும் நான் கொண்டாடியாயிற்று. எனக்கே திகைப்பாக இருந்தது.

சேஷாத்ரி மாமனார் வீட்டு விசேஷத்துக்கு மயிலாப்பூர் போயிருந்தான். முதல் பக்கம் என் கையில். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. பிஸ்மார்க்கை வேட்டையாடிய பிரிட்டிஷ் கப்பல்களின் பெயர்களைக் கடற்படை வெளியிட்டிருந்தது. அதைப் பட்டியலாகக் கட்டம் கட்டிப் போடச் சொன்னேன். ஆர்க் ராயல், விக்டோரியஸ், ராட்னி, ஷெஃபீல்ட், நார்ஃபோக் என்று வரிசையாகப் பெயர்கள். கடைசியில், 'பெயர் வெளியிடாத வேறு சில கப்பல்களும்.' மேலே பெரிய மர எழுத்தில் தலைப்பு: பிஸ்மார்க்கை மூழ்கடித்த கப்பல்கள்.

லாசர் மாடியேறி வந்தான். "சார், தலைப்பு இடிக்குது. ஒரு எழுத்து ஜாஸ்தி. சின்ன எழுத்துல போட்டுடட்டுமா?"

"கூடாது. இருப்பதிலேயே பெரிய எழுத்துதான் வேண்டும்."

"அப்ப எதுனா வெட்டணும்."

பார்த்தேன். "பிஸ்மார்க்கை என்பதில் கையைத் தூக்கிவிடு."

அவன் தலையைச் சொறிந்தான். "பிஸ்மார்க் மூழ்கடித்த கப்பல்கள்... சார், அர்த்தம் மாறிக்காதா?"

"லாசர், இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு வரலாம். அதற்குத் தொகை என்று பெயர். சோறு தின்றான் என்றால் சோற்றைத் தின்றான் என்றுதானே அர்த்தம்? சோறா அவனைத் தின்றது?"

"சோறு திங்காது சார். பிஸ்மார்க்கு திங்குமே."

"நீ எனக்கு இலக்கணம் சொல்லித்தராதே. போய் அச்சுச் சட்டத்தைப் பூட்டு."

போய்ப் பூட்டினான்.

ஐந்து மணிக்குப் பத்திரிகை தெருவுக்குப் போயிற்று. ஐந்தே முக்காலுக்குக் கீழே சத்தம் கேட்டது. ஏதோ ஊர்வலம் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் வாசல் நிறையப் பெண்கள். ராயபுரத்துப் பெண்கள், காசிமேட்டுப் பெண்கள், துறைமுகத்தை அடுத்த சந்துகளிலிருந்து வந்தவர்கள். ஐம்பது பேருக்குக் குறையாது. புருஷனோ பிள்ளையோ அண்ணன் தம்பியோ கப்பல் கலாசியாகப் போனவர்கள். எழுத்துத் தெரிந்தவள் தெரியாதவளுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அவள் அடுத்த வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி காவல்காரனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், இத்தினி கப்பலு முங்கிச்சின்னு போட்டுக்கிறியே, எங்க ஊட்டு ஆளு கப்பலு இதுல கீதா இல்லியா, அத்தச் சொல்லுய்யா!"

மேஜையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. பிஸ்மார்க் மூழ்கடித்த கப்பல்கள். கீழே பட்டியல். கீழே 'வேறு சில கப்பல்களும்'. ஞாயிற்றுக்கிழமை ஒரே கப்பல் மூழ்கியதற்கு ஊர் அழுதது. இன்று நான் எட்டுப் பத்துக் கப்பல்களை ஒரு வரியில் மூழ்கடித்திருக்கிறேன். எம்.ஏ.

படியிறங்கினேன். "அம்மா, அது பிழை. அந்தக் கப்பல்கள் மூழ்கவில்லை. அவைதான் பிஸ்மார்க்கை மூழ்கடித்தவை" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவளும் நம்பவில்லை. "அச்சுல கீதே!" என்றாள்.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் ஓர் அரக்குப் புடவை. வேதவல்லி. கையில் பத்திரிகை. ஏழுகிணற்று வீட்டிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். பதினோரு வருஷத்தில் அவள் இந்த ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. பட்டியலின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"வேறு சிலன்னு போட்டிருக்கீங்களே. அதுல கார்ன்மூர் உண்டா?"

அவள் விரல் நின்ற வரியைப் பார்த்தேன்.

"கார்ன்மூருங்க. கருணா இருக்கிற கப்பல்."

"உனக்கு எப்படி..."

"ஒன்றரை வருஷமா எனக்குத் தெரியும். டீச்சரம்மா வீட்டு விலாசத்துக்குக் கடுதாசி போடுறான். அப்பா தாங்கமாட்டார், அவர்கிட்ட சொல்லாதம்மான்னு எழுதினான். நானும் சொல்லல. டீச்சரம்மாவும் ஊர்ல இல்ல, யாரப் போய்க் கேப்பேன்? சொல்லுங்க. உண்டா இல்லையா?"

"இல்லை. இது பிழை, வேதா. எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஒரு எழுத்து விட்டுப்போயிற்று."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் ஒன்றைச் செய்யத் தவறிவிட்டேன். கருணா எந்தக் கப்பலில் இருக்கிறான், கல்கத்தாவில் அல்லவா இருக்கிறான் என்று திகைக்க வேண்டியவன் நான். திகைக்கவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்கும் தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரிஞ்சுதான் தினம் என்கிட்ட கல்கத்தான்னீங்களா?"

பத்திரிகையை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னாலேயே போக நினைத்தேன். ராயபுரத்துக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாமி, ஷெஃபீல்டுன்னு ஒண்ணு கீதே, அது முங்கலதானே? கர்த்தர் மேல சத்தியமா முங்கலதானே?"

முங்கவில்லை என்றேன். அடுத்தவள் கேட்டாள். முங்கவில்லை என்றேன்.

மே 29, வியாழன்

சேஷாத்ரி நேற்று ஏழு மணிக்கே விசேஷத்தை விட்டு ஓடிவந்துவிட்டான். ஒரு நாற்காலியைத் தெருவில் போட்டு ஏறி நின்று, ஒவ்வொரு கப்பல் பெயராகச் சொல்லி 'இருக்கு, பத்திரமா இருக்கு' என்று கத்தினான். கூட்டம் கலைந்தது அவனால்தான். இன்று அவனுக்குக் குரலே இல்லை. இதற்கும் அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காலையில் ஆசிரியர் அறையில் விசாரணை. லாசர் கைகட்டி நின்றான்.

"எழுத்தை வெட்டினது யாருடா?" என்றார் ஆசிரியர்.

லாசர் என்னைப் பார்க்கவில்லை. "எடம் இடிச்சுதுங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அவன் வேலை போகும், என் வேலை நிற்கும். ஒரு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"நான்தான் வெட்டச் சொன்னேன். அவன் வேண்டாமென்றான்" என்றேன்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தமிழ் தெரிஞ்சவர்னு உம்மகிட்ட விட்டேன்" என்றார். முதல் பக்கம் இனி என் கைக்கு வராது. வேலை இருக்கிறது.

திருத்தத்தை நானே எழுதினேன். முதல் பக்கத்தில், கட்டத்துக்குள், 'கை'யோடு. அதை வேதவல்லியின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். படித்தாள்.

"நேத்திக்கும் நீங்கதானே எழுதினீங்க" என்றாள்.

மே 31, சனி

அவள் பேசவில்லை. சோறு போடுகிறாள்.

திருத்தத்தில் எழுதியது உண்மை. பிஸ்மார்க் எந்த வியாபாரக் கப்பலையும் தொடவில்லை. ஆனால் நீர்மூழ்கிகள் வாரத்துக்குப் பத்துச் சரக்குக் கப்பல்களைத் தின்கின்றன. அந்தப் பெயர்களைப் பிரசுரிக்க அனுமதி கிடையாது. கார்ன்மூர் பத்திரம் என்று அவளிடம் சத்தியம் செய்ய என்னிடம் ஒன்றுமில்லை. அவளும் இப்போது இதைக் கேட்பதில்லை. கேட்டால் நான் பொய் சொல்லுவேன் என்று நினைக்கிறாளோ, உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறாளோ.

ஜூன் 3, செவ்வாய்

தினமும் எதிர்வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருவில் தந்திச் சேவகனின் சைக்கிள் மணி. எதிர்வீட்டு வாசலில் இறங்கிப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனான். வேதவல்லி அடுப்பங்கரையிலிருந்து ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. "எனக்குத்தான், எனக்குத்தான் அது!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உறையைக் கிழித்தாள். ஆங்கிலம். நடுத்தெருவில் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். படித்துச் சொல்ல டீச்சர் இல்லை. சேவகனும் போய்விட்டான்.

வீட்டுக்குள் வந்தாள். எட்டு நாள் கழித்து என்னைப் பார்த்துப் பேசினாள்.

"படிங்க. இருக்கிறத இருக்கிற மாதிரியே சொல்லுங்க."

தந்தியை நீட்டினாள். வாங்கினேன். ஹாலிபாக்ஸிலிருந்து. கனடா. ஆறே சொற்கள். என் கண்ணில் முதலில் பட்டது அவன் பெயர். சாவுச் செய்தியை அவனே அனுப்ப முடியாது என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆயிற்று.

"பத்திரமாகக் கரை சேர்ந்தேன்" என்றேன்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. எந்தச் சாமி என்று கேட்கவில்லை.

"வேற?" என்றாள். "அவ்வளவுதானா? இன்னும் எழுத்து இருக்கே."

இருந்தது. அதைத் தமிழாக்குவதற்குத்தான் நின்றேன். அந்த ஒரு சொல்லுக்கு 'இப்போது' என்பதா, 'இனி' என்பதா, 'இனிமேலாவது' என்பதா? நான் எத்தனை ஆயிரம் தந்திகளைத் தமிழாக்கியிருக்கிறேன்! எதிலும் ஒரு சொல்லுக்காக இவ்வளவு நேரம் நின்றதில்லை. கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அப்பாவிடம் இப்போது சொல்."

அவள் கண்ணைத் திறந்தாள். தந்தியை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வந்து என் எதிரில் நேராக நின்றாள், ஏதோ இன்றுதான் முதல் தடவையாக வாயைத் திறப்பவள் போல.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நம்ம கருணா கல்கத்தாவுல இல்லீங்க. கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருக்கான். ஒன்றரை வருஷமாச்சு."

"அப்படியா?" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டேன். "அப்படியா? எந்தக் கப்பல்?"

சொன்னாள்.